எச்ஓஏ வீட்டில் ஆன்டெனா: எந்தக் கதவில் எந்தக் காகிதம்?

கேள்வி, மார்ச் 2, 2025

ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம் ஒரு தனி வீடு பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று. ஜெனரல் கிளாஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இருக்கிறது. எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளில் 'வெளியில் எந்த வகை ஆன்டெனாவும் நிறுவக் கூடாது' என்று ஒரு வரி. ஆனால் ஆன்டெனாவைத் தடுக்கக் கூடாது என்று எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) விதியே இருக்கிறதாமே? அதை அச்செடுத்துக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார்கள்தானே? பின்பக்கம் 40 அடியில் ஒரு டவர் போதும் எனக்கு.

மார்ச் 2, காலை

மூட மாட்டார்கள். சிரிப்பார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது ஒரு விதி இல்லை, இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான காகிதத்தைத் தப்பான கதவில் நீட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

முதலாவது பிஆர்பி-1. 1985 செப்டம்பரில் எஃப்சிசி போட்ட உத்தரவு. இன்று ஹாம் விதிகளில் 97.15-இல் உட்கார்ந்திருக்கிறது. நகராட்சியும் கவுண்டியும் ஹாம் ஆன்டெனாவுக்கு நியாயமான இடம் கொடுக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான குறைந்தபட்சக் கட்டுப்பாடுதான் போடலாம் என்பது சாரம். இது கட்டுப்படுத்துவது அரசை மட்டும். எச்ஓஏ விதிகள் போன்ற தனியார் பத்திரத்தை இது தொடாது என்று அந்த உத்தரவே சொல்கிறது. பத்திரக் கட்டுப்பாட்டுக்கும் நீட்டிக்கச் சொல்லி ஏஆர்ஆர்எல் (அமெரிக்க ஹாம்களின் சங்கம்) போட்ட மனுவை 1999-இல் எஃப்சிசி தள்ளியது. மேல்முறையீடும் தேறவில்லை.

இரண்டாவது ஓடார்ட். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 207-ஆம் பிரிவிலிருந்து வந்தது, அதே ஆண்டு அக்டோபர் 14 முதல் அமல். இது எச்ஓஏவையும் கட்டுப்படுத்தும், நகராட்சியையும் கட்டுப்படுத்தும். ஆனால் பாதுகாப்பது 1 மீட்டர் வரையான டிஷ், உள்ளூர் டிவி ஆன்டெனா, வீட்டுக்கு வரும் வயர்லெஸ் இணைய ஆன்டெனா ஆகியவற்றை. அலாஸ்காவில் மட்டும் டிஷ்ஷுக்கு அளவு வரம்பு இல்லை. ஹாம், சிபி, ஏஎம், எஃப்எம் ஆன்டெனாக்கள் இதில் வராது.

ஆக, பல்லுள்ள விதி உங்கள் ஆன்டெனாவுக்கு இல்லை. உங்கள் ஆன்டெனாவுக்கு இருக்கும் விதிக்கு எச்ஓஏ முன்னால் பல் இல்லை. 40 அடி டவரை மறந்துவிடுங்கள்.

மார்ச் 2, இரவு

'அப்படியானால் ஸ்டார்லிங்க் கூட மாட்ட முடியாதா' என்று கேட்டு வந்திருக்கிறது. முடியும். அது ஓடார்ட்டுக்குள் வருகிறது. முன் அனுமதி வாங்கு, எங்கள் ஆளை வைத்துத்தான் மாட்ட வேண்டும், 30 நாள் காத்திரு என்பதெல்லாம் பொதுவாகச் செல்லாது. எச்ஓஏ சொல்லக்கூடியது பாதுகாப்பு விஷயம்: எர்த் போடு, மின்கம்பியிலிருந்து தள்ளி வை, தீயணைப்பு வழியை மறைக்காதே. தேசியப் பதிவேட்டில் உள்ள வரலாற்றுக் கட்டடம் என்றால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம். கட்டுப்பாடு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது இல்லை. எஃப்சிசியில் மனு நிலுவையில் இருக்கும்போது, பாதுகாப்பு, வரலாற்றுக் காரணங்கள் தவிர, அபராதமும் ஏறாது, கழற்றச் சொல்லவும் முடியாது.

டிவி ஆன்டெனாவின் கம்பம் கூரைக்கு மேல் 12 அடி வரைதான்.

மார்ச் 3

நேற்றைய கடைசி வரி தவறு. 12 அடி என்பது தடை இல்லை. அதற்கு மேல் போனால் பாதுகாப்புக் காரணத்துக்காக முன் அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். அனுமதி கேட்பதும் மறுப்பதும் வேறு வேறு. பல எச்ஓஏ கடிதங்களில் இதை '12 அடிக்கு மேல் கூடாது' என்றே எழுதுகிறார்கள். அதையே நானும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியதெல்லாம் தனி வீட்டுக்கு. டவுன்ஹவுஸ் (ஒட்டு வீடு), காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் கூரையும் வெளிச்சுவரும் யாருடையது என்று பாருங்கள். பொதுச் சொத்து என்றால் அங்கே ஓடார்ட் உரிமை கிடையாது. நீங்கள் மட்டும் புழங்கும் பால்கனி, திண்ணை, பின்முற்றம் இவற்றுக்குத்தான் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கும் 1999 ஜனவரியிலிருந்து இதே உரிமை. ஆனால் டிஷ் பால்கனிக் கம்பியைத் தாண்டி வெளியே நீண்டால் பொது இடத்துக்குள் போய்விட்டது. வெளிச்சுவரில் துளை போடவும் வீட்டுக்காரர் தடை சொல்லலாம். சன் டிவிக்காக டிஷ் மாட்டிய காலத்தில் பாதித் தகராறு இந்த அரையடி நீட்டலில்தான்.

மார்ச் 5

கேட்டவர் இன்னும் கிரயம் முடிக்கவில்லை என்கிறார். நல்லது. ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள் இல்லையா, இங்கே அந்த வேலையை டைட்டில் கம்பெனி செய்கிறது. அவர்கள் தரும் டைட்டில் கமிட்மென்டில் 'ஷெட்யூல் பி' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் வரிசையாக புத்தக எண், பக்க எண் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் கவுண்டியில் பதிவான ஒரு ஆவணம். அத்தனையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரியல்டர் (வீட்டுத் தரகர்) அனுப்பும் 'எச்ஓஏ விதிகள் சுருக்கம்' பிடிஎஃப்பை நம்பி உட்காராதீர்கள்.

படிக்கும்போது தேட வேண்டியவை:

'ஆன்டெனா' என்ற சொல் மட்டும் போதாது. டவர், மாஸ்ட், ஏரியல், கம்பி, 'வெளிப்புற மாற்றம்' எல்லாம் தேடுங்கள். தடை 'வெளியே தெரிவது' பற்றியதா, அல்லது 'மனையிலிருந்து ரேடியோ சமிக்ஞை அனுப்புவது' பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். முதல் வகை தோற்றம் பற்றியது, வழி உண்டு. இரண்டாவது வகையில் அட்டிக்குக்குள் (கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே) ஒளித்தாலும் மீறல்தான். அதோடு 'தொந்தரவு' பற்றிய பிரிவு. பக்கத்து வீட்டு டிவியில் உங்கள் குரல் கேட்டால் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பிறகு கட்டடத் தோற்றக் குழு. விண்ணப்பம் போட்டு இத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்றே கொள்ளப்படும் என்று பல பத்திரங்களில் இருக்கும். உங்களுடையதில் இருந்தால் அதற்கு விலையே இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய குடியிருப்பு என்றால் வயதையும் பாருங்கள். ஃப்ளோரிடாவின் பட்டாவழிச் சட்டப்படி 30 ஆண்டு கடந்த கட்டுப்பாடுகளை எச்ஓஏ மறுபடி பதிந்து காப்பாற்றாவிட்டால் அவை காலாவதியாகலாம். இதை மட்டும் வக்கீல் வாயால் கேட்காமல் நம்பாதீர்கள். ஹாம் வழக்குகள் தெரிந்த வக்கீல்களின் பட்டியல் ஏஆர்ஆர்எல்லிடம் இருக்கிறது.

மார்ச் 5, இரவு

பட்டா என்ற சொல்லைப் பார்த்து ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். சரி, டைட்டில். பட்டா இல்லை.

மார்ச் 9

இனி உருப்படியான விஷயம். கொடிக்கம்பம்.

2006-இல் வந்த மத்தியச் சட்டப்படி அமெரிக்கக் கொடியை வீட்டில் வைப்பதை எச்ஓஏ தடுக்க முடியாது, இடம், நேரம், முறை பற்றி நியாயமான விதி மட்டும் போடலாம். ஃப்ளோரிடா ஒரு படி மேலே: எச்ஓஏ என்ன சொன்னாலும் 20 அடி வரை தனியாக நிற்கும் கொடிக்கம்பம் நடலாம். சந்திப்பில் பார்வையை மறைக்கக் கூடாது, ஈஸ்மென்ட் (பிறருக்கு வழியுரிமை உள்ள) நிலத்தில் நடக் கூடாது. அவ்வளவு.

20 அடி என்பது 6.1 மீட்டர். அது எந்த பேண்டில், அதாவது எந்த அலைநீளத்தில், என்ன செய்யும்?

20 மீட்டர் பேண்டில் கால் அலையைவிடக் கொஞ்சம் நீளம், அருமை. 15-இலும் 10-இலும் நன்றாக வேலை செய்யும். 12 மீட்டர் பேண்டில், 24.9 மெகாஹெர்ட்ஸில், சரியாக அரை அலையாகிவிடும். அடிப்பகுதியில் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் ஏறி ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) கத்தும். உள்ளே கம்பியைக் குறைத்துப் போட்டால் தப்பலாம். 40 மீட்டரில் குள்ளமான ஆன்டெனா, ட்யூனர் இழுத்துப் பிடிக்கும், தரைக்கம்பிகள் (கம்பத்தடியிலிருந்து புல்லோடு விரியும் கம்பிகள்) நன்றாக இருந்தால் ஊர் கேட்கும். 80 மீட்டரை விட்டுவிடுங்கள்.

கம்பம் ஃபைபர்கிளாஸ். அலுமினியம் வேண்டாம். அலுமினியக் கம்பத்தையே ஆன்டெனாவாக்கலாம்தான், ஆனால் அடியில் பிவிசி உறை போட்டு மண்ணிலிருந்து பிரிக்க வேண்டும், அதோடு குழந்தை தொட்டால் விரல் சுடும். ஃபைபர்கிளாஸுக்குள் 14 கேஜ் கம்பியை மேலிருந்து தொங்கவிட்டால் தீர்ந்தது. கொடிக் கயிறு பாலியெஸ்டர் ஆக இருக்கட்டும். இரும்பு வடக் கயிறு போட்ட கம்பங்கள் விற்கிறார்கள். அது உள்ளே இருக்கும் கம்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பி, ட்யூனிங் காற்றடிக்கும்போதெல்லாம் மாறும். உச்சியில் இருக்கும் தங்கநிற உருண்டையால் பாதகம் இல்லை.

ட்யூனர் கம்பத்தின் அடியிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்குள் இல்லை. நீர் புகாத பெட்டியில் வைத்து, சுற்றிலும் ஒரு செடி. வீட்டுக்குள் ட்யூனரை வைத்தால் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (திரும்பி வரும் சக்தியைக் காட்டுவது) சந்தோஷப்படும், வாட் எல்லாம் கேபிளில் கரையும்.

தரைக்கம்பிகள் 16, ஒவ்வொன்றும் 5 மீட்டர். ஆக 80 மீட்டர் கம்பி, 18 கேஜ், உறையுள்ளது. நீளம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, எண்ணிக்கை முக்கியம். புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, தரையோடு இழுத்துப் பிடித்து, புல்வெளி ஊக்கு அரை மீட்டருக்கு ஒன்று குத்துங்கள். மழைக்காலத்தில் செயின்ட் அகஸ்டின் புல் சில வாரத்தில் மூடிவிடும். தொய்வு இருந்தால் புல் வெட்டும் இயந்திரம் ஒரே சுற்றில் பதினாறையும் நூல்கண்டு ஆக்கிவிடும்.

குழி தோண்டுமுன் 811 எண்ணுக்கு ஒரு போன். இலவசம். ஆனால் அவர்கள் மின்சாரம், கேஸ், தொலைபேசி வழிகளைத்தான் குறிப்பார்கள். உங்கள் புல்வெளித் தண்ணீர்க் குழாயைக் குறிக்க மாட்டார்கள்.

எர்த்: கம்பத்தடி மண்ணில் அடித்து இறக்கிய 8 அடித் தண்டு ஒன்று. அதை வீட்டின் மின் எர்த்தோடு 6 கேஜ் செம்புக் கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். இணைக்காமல் தனியாக விட்டால், மின்னல் பக்கத்தில் விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். ஃப்ளோரிடாவில் மின்னல் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மார்ச் 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் கொடிச் சட்டம் ஆன்டெனாவுக்கும் குடை பிடிக்கும் என்பதுபோல் ஒலிக்கிறது. பிடிக்காது. சட்டம் காப்பது கம்பத்தை. உள்ளே இருக்கும் கம்பிக்குப் பத்திரத்தின் ஆன்டெனாத் தடை அப்படியே பொருந்தும். கண்டுபிடித்துவிட்டால் கம்பம் நிற்கும், கம்பி போக வேண்டும். ஒளித்து வைப்பதும் அனுமதி பெறுவதும் ஒன்றல்ல, இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நடைமுறையில் கம்பத்தைப் பார்த்து யாரும் புகார் போடுவதில்லை. புகார் வருவது பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் கரகரத்தால், அல்லது நீங்கள் பேச ஆரம்பித்ததும் அவர்கள் வீட்டுத் தோட்டத் தண்ணீர் தானாகத் திறந்தால். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் ட்யூனர் பக்கத்திலும் சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் பாயும் ரேடியோ மின்னோட்டத்தை அடைப்பது) போடுங்கள்: 31 ரக ஃபெரைட் வளையம், 2.4 அங்குல விட்டம், மெல்லிய கோஆக்ஸில் (ரேடியோ கேபிளில்) 10 முதல் 12 சுற்று.

மார்ச் 14

இன்னும் பெரிய திருத்தம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவின் எச்ஓஏ சட்டம் 720-ஆம் அத்தியாயம். அதில் 720.3045 என்று 2023-இல் ஒரு பிரிவு சேர்ந்தது, 2024-இல் விரிந்தது. முன்பக்கத்திலிருந்தோ, ஒட்டிய மனையிலிருந்தோ, ஒட்டிய பொது இடத்திலிருந்தோ, குடியிருப்பின் கோல்ஃப் மைதானத்திலிருந்தோ தெரியாத எந்தப் பொருளையும் உங்கள் மனையில் நிறுவுவதை எச்ஓஏ தடுக்க முடியாது. பத்திரம் என்ன சொன்னாலும் சரி. வேறு பொதுச் சட்டமோ உள்ளூர் விதியோ தடுத்தால்தான் உண்டு. உதாரணப் பட்டியலில் செயற்கைப் புல், படகு, கொடி, காய்கறித் தோட்டம், துணி உலர்த்தும் கொடி எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. ஆன்டெனா பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் பட்டியல் இவை மட்டும் என்று முடியவில்லை, 'உட்பட' என்றுதான் இருக்கிறது.

ஆக முதல் நாள் 'உங்களுக்குப் பல்லுள்ள விதி இல்லை' என்றேனே, எஃப்சிசி அளவில் அது சரி. மாநில அளவில், கண்ணுக்குத் தெரியாத ஆன்டெனாவுக்கு வலுவான வாதம் இருக்கிறது. காண்டோவுக்கு இது கிடையாது, அது 718-ஆம் அத்தியாயம்.

ஒரு எச்சரிக்கை. 'ஒட்டிய மனையிலிருந்து' என்றால் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலும் அந்த மனையில்தான் இருக்கிறது. 6 அடி வேலி தரைத்தளத்தை மறைக்கும், மாடியை மறைக்காது. பின்பக்கம் நின்று நாலாபுறமும் பாருங்கள். உங்களுக்கு யாருடைய ஜன்னல் தெரிகிறதோ அவருக்கு உங்கள் ஆன்டெனா தெரியும்.

மார்ச் 16

வேலிக்குள்ளும் அட்டிக்குக்குள்ளும் என்ன போடலாம் என்று மூன்று பேர்.

மர வேலியின் உட்புறம், உச்சியை ஒட்டி 20 மீட்டர் நீளக் கம்பி, 40 மீட்டர் பேண்டுக்கான அரை அலை. ஒரு முனையில் 49க்கு 1 ட்ரான்ஸ்ஃபார்மர்: 43 ரகத்தில் அதே 2.4 அங்குல வளையம், முதன்மைச் சுற்று 2, இரண்டாம் சுற்று 14, முதன்மைக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் கெபாசிட்டர், 2 கிலோவோல்ட்டாவது தாங்குவது. பேச்சுக்கு 100 வாட் தாங்கும். எஃப்டி8 (கணினி வழி எழுத்து) போன்ற நிற்காத சமிக்ஞைக்கு 30, 40 வாட்டில் நிறுத்துங்கள், வளையம் சுட ஆரம்பிக்கும். தரையிலிருந்து இரண்டு மீட்டர்கூட இல்லாததால் அலை நேர் மேலே போகும், மண்ணும் கொஞ்சம் விழுங்கும். ஜார்ஜியா வரை பகலில் பேசலாம். ஐரோப்பாவை எதிர்பார்க்காதீர்கள். தூரமுனையில் வோல்டேஜ் உச்சம், அங்கே கை எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டிக் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் நேர்க் கம்பி), 20 மீட்டர் பேண்டுக்கு: 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 33 அடி. அப்படியே வெட்டுங்கள்.

இல்லை, அப்படியே வெட்டாதீர்கள். அது திறந்த வெளிக் கணக்கு. மரச்சட்டம், மின்வயர், ஏசி குழாய் எல்லாம் ஒட்டி இருக்கும்போது அதிர்வெண் எந்தப் பக்கமும் நகரும். 34 அடி வெட்டி, இரு முனையிலும் சமமாக, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அங்குலம் மடக்கிப் பாருங்கள். வெட்டிய கம்பி வளராது.

அதற்கும் முன்னால் அட்டிக்கில் தலை நீட்டிப் பாருங்கள். கூரைப் பலகையின் உட்புறம் வெள்ளியாகப் பளபளத்தால் அது வெப்பத் தடுப்பு ஃபாயில், ஃப்ளோரிடாவில் சகஜம். ஃபாயில் இருந்தால் ஏறிய ஏணியில் இறங்கிவிடுங்கள். உலோகக் கூரை, கூரை நிறைய சோலார் பலகை, இரண்டும் அதே கதி. வேலை ஜனவரி காலையில். ஆகஸ்ட் மதியம் ஏறினால் ஆன்டெனாவோடு நீங்களும் காய்ந்துவிடுவீர்கள்.

மேக்னடிக் லூப் (வளைய ஆன்டெனா): 1 மீட்டர் விட்டம், செம்புக் குழாய், வேலிக்குக் கீழேயே நிற்கும். 20 மீட்டரில் மெச்சும்படி வேலை செய்யும். 40-இல் வாட்டில் பெரும்பகுதி சூடாகிவிடும். கெபாசிட்டரில் பல ஆயிரம் வோல்ட், இயங்கும்போது பக்கத்தில் ஆள் கூடாது.

கதிர்வீச்சுக் கணக்கு எல்லாவற்றுக்கும் உண்டு. 2021 மே 3-இல் வந்த எஃப்சிசி மாற்றத்துக்குப் பிறகு ஹாம்களுக்கு இருந்த பழைய விலக்கு போய்விட்டது. வாட், பேண்ட், ஆள் நிற்கும் தூரம் இவற்றைப் போட்டுக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். அட்டிக் ஆன்டெனாவுக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தால் முதலில் அந்தக் கணக்கு.

மார்ச் 17

'கொடி இரண்டுக்கும் சட்டம் இருக்கிறது, ஆன்டெனாவுக்கு இல்லை' என்று ஒருவர். உண்மைதான். கம்பத்தில் பறக்கும் கொடிக்கு ஒரு சட்டம், துணி காயப்போடும் கொடிக்கு ஃப்ளோரிடாவில் 163.04 என்று இன்னொரு சட்டம். சூரிய சக்தியைப் பயன்படுத்துவதால் பத்திரத்தால் தடுக்க முடியாது. தோட்டத்தில் படரும் கொடியும் காய்கறித் தோட்டம் என்ற பெயரில் 2024-இல் உள்ளே வந்துவிட்டது.

துணிக்கொடியையே ஆன்டெனாவாக்கலாமா என்று கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஆகும். இரண்டு பிவிசி கம்பத்துக்கு நடுவே 10 மீட்டர் உறைக் கம்பி, நடுவில் வெட்டிக் கோஆக்ஸ். ஈரத்துணி தொங்கும்போது ட்யூனிங் இறங்கும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது துணி எடுக்கப் போய், உறை தேய்ந்த இடத்தில் கை வைத்தால், அதன் பிறகு வரும் விதிகள் எச்ஓஏவுடையதைவிடக் கடுமையாக இருக்கும்.

மார்ச் 21

எச்ஓஏவிடமிருந்து கடிதம் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு. ஃப்ளோரிடாவில் அபராதம் போட 14 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். பிறகு குறைந்தது 3 பேர் கொண்ட குழு முன் விசாரணை. அதில் நிர்வாகிகளோ அவர்கள் வீட்டாரோ இருக்கக் கூடாது. மீறலுக்கு 100 டாலர் வரை, தொடர் மீறலுக்கு நாளுக்கு அவ்வளவு, மொத்தம் 1000 டாலர், பத்திரம் கூடுதலாக அனுமதித்தால் தவிர. விசாரணைக்கு முன்பே சரிசெய்துவிட்டால் அபராதம் போட முடியாது. கம்பியை உருவிவிட்டு, வெறும் கொடிக்கம்பத்தோடு போய் உட்காரலாம்.

அபராதத்துக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வழக்குக்கு. தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கட்ட வேண்டும். வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்கு அழைக்க வேண்டும் என்று 720-இலேயே இருக்கிறது. அந்த மேசையில் 720.3045-ஐ வைத்துப் பேசுங்கள், பிஆர்பி-1ஐ வெளியே எடுக்காதீர்கள்.

வாஷிங்டனில் சட்டம் மாறும் வரை காத்திருக்கலாமா என்றால், எச்ஆர் 555 என்ற மசோதா 2017 ஜனவரியில் கீழ்சபையில் நிறைவேறி செனட்டில் செத்தது. அதன் பிறகும் மசோதாக்கள் வந்தபடிதான் இருக்கின்றன. அதை நம்பி வீடு வாங்காதீர்கள்.

மார்ச் 23

கேட்டவர் ஷெட்யூல் பி ஆவணங்களை வாங்கிப் படித்துவிட்டார். தடை 'வெளியே தெரியும் ஆன்டெனா' வகை, அனுப்புவதற்குத் தடை இல்லை, பின்பக்கம் ஏரி, இருபக்கமும் ஒற்றைத் தளம் என்கிறார். ஏரி பொது இடமா என்று மனை வரைபடத்தில் பாருங்கள். பொது இடம் என்றால் வேலி அந்தப் பக்கமும் வேண்டும். ஏரிக்கரையில் பல குடியிருப்புகள் 4 அடிக் கம்பி வேலிதான் அனுமதிக்கும், அப்படியானால் லூப்பைப் பக்கவாட்டுச் சுவரோடு ஏசி யூனிட்டுக்குப் பின்னால் வையுங்கள், யூனிட்டிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி.